மகள் உயர்தரத்தில் நாடகமும் அரங்கியலும் எடுக்க நிற்கிறாள், விடலாமா?

உங்கள் கேள்வியை இரண்டு மூன்று தடவை வாசித்தேன். மகள் சாதாரண தரம் முடித்திருக்கிறாள், பெறுபேறும் நல்லது, உயர்தரத்துக்குத் தமிழ், புவியியல், நாடகமும் அரங்கியலும் என்று மூன்றையும் தானே தெரிவு செய்துகொண்டு அசையாமல் நிற்கிறாள். சொந்தக்காரர் "நாடகம் லேசான பாடம், வேறொன்றும் ஏலாத பிள்ளைகள் எடுப்பது, அதை வைத்து என்ன செய்யப் போகிறாள்" என்கிறார்கள். வெள்ளவத்தையில் இருந்துகொண்டு இதைப் படிக்க முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். லேசா கஷ்டமா என்பதை விட, பிள்ளையின் இரண்டு வருஷம் வீணாகிவிடுமோ என்ற பயம்தான் அதில் எனக்குத் தெரிந்தது. அதற்கே பதில் சொல்கிறேன். 24 வருஷமாகக் கொழும்பில் தமிழ்ப் பிள்ளைகளுக்கு இந்தப் பாடத்தைப் படிப்பித்து வருகிறேன். அதற்கு முன்பு மட்டக்களப்புப் பக்கத்தில் கூத்து ஆடும் களரியைச் சுற்றி வளர்ந்தேன், அப்பா மத்தளம் அடித்தவர். ஒன்றை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். என் அனுபவம் முழுக்கத் தமிழ் மொழிமூலம். சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் இதே பெயரில் இருப்பவை வேறு பாடங்கள், வேறு வினாத்தாள்கள், ஆகவே அங்கே படிக்கும் பிள்ளைக்கு நான் சொல்வது அப்படியே பொருந்தாது.

"லேசான பாடம்" என்ற கதையை முதலில் முடித்துவிடுவோம், ஏனென்றால் இதில் சந்தேகத்துக்கு இடமே இல்லை. 2001ஆம் ஆண்டிலிருந்து பல்கலைக்கழகத் தெரிவு இசட் புள்ளியை வைத்துத்தான் நடக்கிறது. பிள்ளை எடுத்த புள்ளியில் இருந்து, அந்தப் பாடத்தை எழுதிய எல்லாருடைய சராசரியையும் கழித்து, வருவதை நியம விலகலால், அதாவது புள்ளிகள் சராசரியைச் சுற்றி எவ்வளவு பரந்து கிடக்கின்றன என்ற அளவால், வகுக்கிறார்கள். ஒரு கணக்குக்காகச் சொல்கிறேன்: ஒரு பாடத்தில் சராசரி 65, நியம விலகல் 10 என்றால் 75 எடுத்த பிள்ளையின் இசட் புள்ளி 1. இன்னொரு பாடத்தில் சராசரி 45, நியம விலகல் 15 என்றால் 60 எடுத்த பிள்ளைக்கும் அதே 1தான். எல்லாருக்கும் புள்ளி அள்ளிப் போடுகிற பாடம் என்றால் சராசரியும் கூடவே ஏறிவிடும், அதனால் லேசு என்று நினைத்து எடுப்பவருக்கு அந்த லேசு எதையும் தந்துவிடாது. விருப்பமில்லாத பிள்ளையை "புள்ளி வரும்" என்று சொல்லி இந்தப் பாடத்தில் தள்ளிவிட்டவர்களையும் பார்த்திருக்கிறேன், விருப்பத்தோடு வந்த பிள்ளையை இழுத்துக்கொண்டு போய் வேறு பாடத்தில் போட்டவர்களையும் பார்த்திருக்கிறேன். இரண்டாவதுதான் மனதுக்கு அதிகம் வலித்தது.

சரி, இந்தப் பாடத்தில் என்ன இருக்கிறது? மேடையில் ஏறி நடிப்பது மட்டும்தான் என்று பெற்றோர் பலர் நினைக்கிறார்கள். எழுத்துப் பரீட்சை இருக்கிறது, அதைவிடத் தனியாகச் செயன்முறைப் பரீட்சையும் இருக்கிறது. படிக்க வேண்டிய பரப்பும் சின்னதில்லை. கிரேக்க அரங்கு, பரதரின் நாட்டிய சாஸ்திரம், ஷேக்ஸ்பியர் காலத்து அரங்கு, இப்சன், ஸ்தனிஸ்லவ்ஸ்கி, பிரெக்ட் என்று உலகம் ஒரு பக்கம். வடமோடி, தென்மோடிக் கூத்துகள், மன்னாரின் வாசாப்பு, வட பகுதியின் காத்தவராயன் கூத்து, மலையகத்தின் காமன் கூத்து, இசை நாடகம் என்று நம்முடைய மரபு இன்னொரு பக்கம். அதோடு நெறியாள்கை, ஒப்பனை, வேடஉடை, காட்சியமைப்பு, ஒளியமைப்பு எல்லாம் வரும். தமிழையும் சேர்த்து எடுக்கிறாள் என்பது நல்லது, இரண்டு பாடமும் ஒன்றுக்கொன்று கைகொடுக்கும். என் வகுப்பில் நான் முதல் மாதமே செய்விப்பது சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதையைத்தான். மாதவி ஆடிய அரங்கின் அளவை இளங்கோவடிகள் கணக்கோடு சொல்லியிருக்கிறார்: ஏழு கோல் அகலம், எட்டுக் கோல் நீளம், ஒரு கோல் உயரம், மேலே உத்தரப் பலகைக்கும் கீழே அரங்கின் பலகைக்கும் நடுவே நான்கு கோல். ஒரு கோல் என்பது 24 பெருவிரல் அளவு. பெருவிரலை ஓர் அங்குலம் என்று வைத்தால் கோல் இரண்டு அடி, அரங்கு ஏறத்தாழ 14 அடிக்கு 16 அடி, உயரம் 2 அடி. பிள்ளைகளுக்குச் சோக்குக் கட்டியைக் கொடுத்து, கதிரை மேசையெல்லாம் ஒதுக்கி, வகுப்பறைத் தரையில் அதைக் கீறச் சொல்வேன். கீறி முடித்து உள்ளே நின்று பார்த்தால்தான் அந்த இடம் எவ்வளவு சின்னது என்று அவர்களுக்கே தெரியும். இதற்குள் எத்தனை பேர் ஆடலாம், பாடுகிறவரும் மத்தளக்காரரும் எங்கே இருப்பது என்று தாமாகவே கேட்கத் தொடங்குவார்கள். தூணின் நிழல் அரங்கில் விழாதபடி விளக்கை வைத்தார்கள் என்றும் அதே காதையில் வருகிறது. பின்னேரம் யன்னலைச் சாத்திவிட்டு ஒரு டோர்ச் லைட்டைப் பிடித்து, கதிரையைத் தூணாக நிறுத்தி, நிழல் எங்கே விழுகிறது என்று பார்ப்போம். ஒளியமைப்பு என்ற அலகு அன்றைக்கே பாதி முடிந்துவிடும். பக்கத்தில் இருந்து இழுக்கும் ஒருமுக எழினி, இரண்டு பக்கமும் இருந்து வந்து சேரும் பொருமுக எழினி, மேலிருந்து இறங்கும் கரந்துவரல் எழினி என்ற மூன்று திரையையும் அம்மாமாரின் பழைய சேலையில் செய்து பார்த்த பிள்ளைக்கு அதைப் பாடமாக்கத் தேவையில்லை.

இதைத்தான் உங்களுக்கு முக்கியமாகச் சொல்ல வந்தேன். இந்தப் பாடத்தைத் தனியாகப் படிக்க ஏலாது. புவியியலைப் பிள்ளை அறைக்கதவைச் சாத்திக்கொண்டு படிக்கலாம், தமிழையும் பெரும்பாலும் படிக்கலாம். நாடகத்துக்கு ஆட்கள் வேண்டும், நாலைந்து பேராவது வேண்டும், நிற்க ஓர் இடம் வேண்டும், பார்த்துப் பிழை சொல்ல ஒருவர் வேண்டும். கொழும்பில் தமிழ் மொழிமூலப் பாடசாலைகள் எல்லாவற்றிலும் உயர்தரத்துக்கு இந்தப் பாடம் இல்லை. இருக்கிற இடத்திலும் சில வருஷம் வகுப்பில் இரண்டே பிள்ளைகள் இருப்பார்கள். முன்பு ஒரு பாடசாலையில் என்னிடம் மூன்று பேர் படித்தார்கள். மண்டபம் எப்போதும் வேறு எதற்காவது தேவைப்பட்டது, நாங்கள் சைக்கிள் கொட்டகைக்குப் பக்கத்தில் நின்று பயிற்சி செய்தோம், மழை வந்தால் அதுவும் இல்லை. அதில் ஒரு பிள்ளை கெட்டிக்காரி, குறிப்புகளை வரிக்கு வரி சொல்லுவாள். வடமோடியின் வரவு ஆட்டத்தைப் பற்றி இரண்டு பக்கம் எழுதுவாள், தாளக்கட்டைப் பிழையில்லாமல் எழுதுவாள். ஒருநாள் "அதைக் கொஞ்சம் ஆடிக் காட்டு" என்றேன். எழும்பி நின்றவளுக்குக் கால் எழவில்லை, நின்ற இடத்திலேயே அழுதுவிட்டாள். பிழை அவளுடையதில்லை, கூத்தை அவள் கண்ணால் கண்டதே இல்லை, காட்ட வேண்டிய நான் கடதாசியில் மட்டும் காட்டியிருந்தேன். அந்த விடுமுறையில் மூன்று பேரையும், பெற்றோர் இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு ஊருக்குப் போனேன். இரவு முழுக்கக் களரிக்குப் பக்கத்தில் பாயில் இருந்தார்கள். கூத்தைப் பழக்கிய அண்ணாவியார் மத்தளத்தில் கை வைத்ததும், சல்லாரி என்ற தாளத்தின் சத்தம் எழுந்ததும், சதங்கை கட்டிய கால் களரியைச் சுற்றியதும், ஊர்ச்சனம் தன் வீட்டுப் பிள்ளை ஆட வரும்போது எழுந்து ஆரவாரித்ததும் அவர்களுக்குப் புத்தகத்தில் கிடைக்காதவை. திரும்பி வரும்போது பஸ்ஸில் அந்தப் பிள்ளை விரலால் சீற்றில் தாளம் போட்டுக்கொண்டே வந்தாள். அதன் பிறகு அவள் எழுதிய விடைகளில் வந்த மாற்றத்தை வேறு எந்தப் பயிற்சியும் கொடுத்திருக்காது.

இந்த இடத்தில் கொழும்புக்குக் குறையும் உண்டு, பெரிய வாய்ப்பும் உண்டு. கூத்து இங்கே வாசலில் கிடைக்காது, அது குறை. ஆனால் தேடினால் தூரமுமில்லை. புத்தளம் மாவட்டத்தில் உடப்புத் திரௌபதை அம்மன் கோவிலின் ஆடித் திருவிழாவுக்குக் காலையில் புறப்பட்டே போய்விடலாம். சடங்கில் இருந்து நாடகம் எப்படிப் பிறக்கும் என்ற பாடத்தை அங்கே நேரில் பார்க்கலாம். மாசி மாதத்தில் ஹட்டன் பக்கத்துத் தோட்டங்களில் காமன் கூத்து நடக்கும், கொழும்பில் படிக்கும் எத்தனையோ பிள்ளைகளுக்கு அங்கே பாட்டி வீடு இருக்கிறது, ஆனாலும் அதைப் பார்த்திருக்க மாட்டார்கள். வாய்ப்பு எதுவென்றால் சிங்கள அரங்கு. லயனல் வென்ட், மருதானை டவர் ஹோல், ஜோன் டி சில்வா அரங்கு எல்லாம் வெள்ளவத்தையில் இருந்து பஸ் ஏறிப் போகும் தூரம். யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் இருக்கும் பிள்ளைக்கு இது கிடைக்காது. எதிரிவீர சரச்சந்திரவின் 'மனமே' என்ற சிங்கள நாடகம் 1956 நவம்பர் 3ஆம் திகதி லயனல் வென்டில்தான் முதலில் மேடையேறியது. சிங்கள நாடகம என்ற ஆட்ட வடிவத்தை அடியாக வைத்து அவர் அதை ஆக்கினார், அந்த நாடகமவுக்கு வேர் நம்முடைய கூத்து. சரச்சந்திர படிப்பித்த அதே பேராதனைப் பல்கலைக்கழகத்தில் இருந்த பேராசிரியர் சு. வித்தியானந்தன் அதைப் பார்த்துவிட்டு, நம்மிடம் மூலமே இருக்கிறதே என்று மட்டக்களப்புக் கூத்தைக் கையில் எடுத்தார். 1960களில் கர்ணன் போர், நொண்டி நாடகம், இராவணேசன், வாலிவதை என்று வரிசையாக வந்தன. இரவு முழுக்க ஆடும் கூத்தை அவர் சுருக்கி, வட்டக்களரியில் இருந்து, முன்பக்கம் மட்டும் திறந்த படச்சட்ட மேடைக்குக் கொண்டுவந்தார். இவை உறுதியான வரலாறு. அந்த மாற்றத்தில் கூத்து எதைப் பெற்றது, எதை இழந்தது என்பது இன்னும் ஓயாத விவாதம். ஊருக்குள்ளேயே, ஆடுகிற ஆட்களோடு சேர்ந்தே கூத்தை மீளுருவாக்க வேண்டும் என்று சி. ஜெயசங்கர் போன்றவர்கள் பிறகு வேறு வழியைக் காட்டினார்கள். நான் களரியில் வளர்ந்தவன், எனக்கு அந்தப் பக்கம் சாய்வு உண்டு. பிள்ளைகளுக்கு இரண்டு பக்கத்தையும் சொல்லிவிட்டு, இது என் சாய்வு என்றும் சொல்லுவேன். மனமே இன்றைக்கும் மேடையேறுகிறது. மொழி முழுக்க விளங்காவிட்டாலும் மகளைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டுங்கள், பாத்திரம் மேடைக்கு வரும் விதத்தையும் எடுத்துரைஞர் கதையை நடத்தும் விதத்தையும் கவனிக்கச் சொல்லுங்கள்.

குறிப்புகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. ரியூஷன் வகுப்பில் தடித்த நோட்ஸ் கொடுப்பார்கள், கடந்தகால வினாத்தாளுக்கு விடையும் கொடுப்பார்கள். வேண்டாம் என்று சொல்ல மாட்டேன், பரீட்சை என்று இருந்தால் அதற்கும் தயாராகத்தான் வேண்டும். ஆனால் ஒரு நாடகப் பிரதியைக்கூட முழுதாக வாசிக்காமல், "ஈடிப்பஸின் அவலம்" என்று ஒரு பக்கம் பாடமாக்கிய பிள்ளைகளை ஒவ்வொரு வருஷமும் காண்கிறேன். ஈடிப்பஸை நாலு பேர் வட்டமாக இருந்து சத்தமாக வாசித்தால் இரண்டு மணித்தியாலம்கூட எடுக்காது. கோரஸ் ஏன் அங்கே இருக்கிறது, சாவு ஏன் மேடையில் நடக்காமல் ஓர் ஆள் வந்து சொல்வதாக வருகிறது என்பதெல்லாம் வாசிக்கும்போதே தெரிந்துவிடும். நம்மவர்களில் குழந்தை ம. சண்முகலிங்கத்தின் மண் சுமந்த மேனியர், சி. மௌனகுருவின் சங்காரம் இரண்டையும் கட்டாயம் வாசிக்க வேண்டும். காசு கொடுத்து வாங்க முடியாவிட்டால் 'நூலகம்' என்ற இணைய நூலகத்தில் ஈழத்து நூல்கள் ஆயிரக்கணக்கில் இலவசமாக இருக்கின்றன, வெள்ளவத்தையிலேயே கொழும்புத் தமிழ்ச் சங்கத்தின் நூலகமும் இருக்கிறது. பார்க்கும் ஒவ்வொரு நாடகத்துக்கும் ஒரு கொப்பியில் அரைப் பக்கமாவது எழுதி வைக்கச் சொல்லுங்கள்: மேடை எப்படி இருந்தது, வெளிச்சம் எப்போது மாறியது, எந்த இடத்தில் தனக்குச் சலித்தது. இரண்டு வருஷத்தில் அந்தக் கொப்பி எந்த நோட்ஸையும் விடப் பெறுமதியாகிவிடும்.

பல்கலைக்கழகம் பற்றிக் கேட்டீர்கள். நாடகம் எடுத்ததால் மற்றக் கலைப்பிரிவுப் படிப்புகளின் கதவு சாத்தப்படாது, மூன்று பாடத்தின் இசட் புள்ளியை வைத்துப் போட்டி போடலாம். நாடகத்தையே பட்டப்படிப்பாகச் செய்ய விரும்பினால் ஒன்றை இப்போதே தெரிந்து வைத்திருங்கள்: தமிழில் அதைப் படிக்க அவள் கொழும்பை விட்டுப் போக வேண்டி வரும். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் இருக்கிறது, மட்டக்களப்பில் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் சுவாமி விபுலாநந்த அழகியற் கற்கைகள் நிறுவகம் இருக்கிறது. கொழும்பிலேயே கட்புல, ஆற்றுகைக் கலைகள் பல்கலைக்கழகம் இருந்தாலும் அது அடிப்படையில் சிங்கள மொழிமூலம். அழகியல் படிப்புகளுக்கு உயர்தரப் புள்ளி மட்டும் போதாது, தனியாக உளச்சார்புப் பரீட்சையும் வைப்பார்கள், அங்கேயும் செய்து பழகிய பிள்ளைதான் நிற்கும். வெட்டுப்புள்ளி வருஷத்துக்கு வருஷம் மாறும், "இந்தப் புள்ளி எடுத்தால் கட்டாயம் கிடைக்கும்" என்று யாராவது உறுதி சொன்னால் நம்பாதீர்கள். பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு ஒவ்வொரு வருஷமும் வெளியிடும் கைந்நூலை வாங்கி நீங்களே பாருங்கள்.

வேலை விஷயத்தில் மேலே சொன்ன அளவுக்கு உறுதியாகப் பேச மாட்டேன், இது நான் கண்டதை வைத்துச் சொல்வது. இந்த நாட்டில் தமிழ் நாடகம் நடித்து மட்டும் சீவித்தவர் ஒருவரையும் என் பழக்கத்தில் நான் கண்டதில்லை. பெரிய கலைஞர்கள்கூட ஆசிரியராகவோ விரிவுரையாளராகவோ இருந்துதான் நாடகம் செய்தார்கள். என்னிடம் படித்தவர்களில் அதிகம் பேர் ஆசிரியர்கள். சிலர் வானொலி, தொலைக்காட்சியில் இருக்கிறார்கள், இரண்டு பேர் சிறுவர்களோடு உளவளத்துணை வேலை செய்கிறார்கள், ஒரு பிள்ளை சட்டம் படித்து நீதிமன்றத்தில் வாதாடுகிறாள். அவள் போன தைப்பொங்கலுக்கு வீட்டுக்கு வந்தபோது, எதிரே நிற்பவர் மூச்சை இழுத்துப் பிடிப்பதைக் கவனிக்கப் பழகியது உங்கள் வகுப்பில்தான் என்று சொன்னாள். இதை வைத்து எல்லாருக்கும் அப்படி ஆகும் என்று சொல்ல நான் ஆளில்லை. ஆனால் வாய் திறக்கப் பயந்து வந்த பிள்ளைகள் இரண்டு வருஷத்தில் நிமிர்ந்து நின்று கதைப்பதைத் திரும்பத் திரும்பக் கண்டிருக்கிறேன்.

பெண்பிள்ளை, ஒத்திகை என்று இருட்டும்வரை நிற்பாளே என்றும் ஓரிடத்தில் எழுதியிருந்தீர்கள். நியாயமான கவலை. தமிழ்த்தினப் போட்டிக் காலத்தில் பயிற்சி நீளும், அதை மறைக்க முடியாது. எங்கள் வகுப்பில் ஒத்திகை முடியும் நேரத்தை முதலே எழுதிக் கொடுப்போம், பெற்றோர் ஒருவர் முறைவைத்து வந்து இருப்பார். அப்படி வந்திருந்த அம்மாமார்தான் பிறகு எங்கள் உடுப்பெல்லாம் தைத்துக் கொடுத்தார்கள். மகளின் ஆசிரியரிடம் இதை நேரே கேளுங்கள், கேட்பதில் தப்பில்லை.

ஆகவே, பாடசாலை அனுமதிப் படிவத்தை நிரப்ப முன்பு ஒரு வேலை செய்யுங்கள். அதிபர் அறைக்குப் போவதை விட, ஏதாவது ஒரு நாள் பள்ளிக்கூடம் விட்ட பிறகு மகளோடு போய், இப்போது உயர்தரத்தில் நாடகம் படிக்கும் பிள்ளைகளைத் தேடுங்கள். எத்தனை பேர், எங்கே பயிற்சி செய்கிறார்கள், ஆசிரியர் கிழமைக்கு எத்தனை நாள் அவர்களை எழுப்பி நிறுத்துகிறார், கடைசியாக எந்த நாடகம் பார்க்கப் போனார்கள் என்று கேளுங்கள். நாலைந்து பேர் இருந்து, அவர்கள் ஏதோ ஒன்றைச் செய்துகொண்டிருந்தால் மகளை அவர்களோடு ஒரு மணித்தியாலம் விட்டுவிட்டு நீங்கள் வெளியே இருங்கள். அந்தப் பாடசாலையில் ஒருவரும் இல்லையென்றால் இன்னொரு பாடசாலையைப் பாருங்கள், எங்குமே இல்லையென்றால் மூன்றாவது பாடத்தை மாற்றச் சொல்லுங்கள், நாடகத்தை வெளியே ஒரு குழுவோடு சேர்ந்து செய்யட்டும். போய்ப் பார்த்துவிட்டு வந்து என்ன கண்டீர்கள் என்று இங்கேயே எழுதுங்கள், எந்தப் பாடசாலை என்று சொல்லத் தேவையில்லை, பிள்ளைகள் எத்தனை பேர் என்று மட்டும் சொன்னால் போதும், மிச்சத்தை அதிலிருந்து கதைக்கலாம்.